முக்காலியில் உட்கார்ந்து கேட்டது

வாடகைக்கு வந்த அந்தப் பழைய வீட்டில் அவளுக்குப் பிடித்தது மேல் அறை மட்டும்தான். கீழே கூடமும் சமையலறையும் பகலிலேயே அரையிருட்டாகக் கிடக்கும். மாடிப்படி ஏறிக் கதவைத் திறந்தால்தான் வெளிச்சம் முகத்தில் வந்து விழும். லாரியிலிருந்து சாமான்களை இறக்கி முடிப்பதற்குள் அவள் மேலே போய், ஜன்னலோரம் மேசை எங்கே வரும் என்று கையை நீட்டி அளந்து பார்த்துவிட்டாள்.

"கதைக்காரி இடம் பிடிச்சாச்சு!" என்று கணவன் படியில் மூச்சு வாங்கினான். மேசையின் ஒரு முனை அவன் தோளில் இருந்தது. அவன் லிப்ட் மெக்கானிக். "ஊர்ல இருக்கிறவனையெல்லாம் மேல ஏத்திவிடறேன். என் பொண்டாட்டி மேசையை மட்டும் முதுகுல சுமக்கணும்."

அவள் குழந்தைகளுக்குக் கதை எழுதுகிறவள். வேலையில் ஒரு ஒழுங்கு உண்டு. மகளைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு, பிளாஸ்கில் டீயை ஊற்றிக்கொண்டு மேலே போவாள். பென்சில்களைச் சீவி வரிசையாக வைப்பாள். சீவலின் வாசனை மூக்கில் ஏறிய பிறகுதான் முதல் வாக்கியம் வரும். ஒரு பக்கம் முடிந்ததும் நாற்காலியைத் திருப்பிப்போட்டு, எதிரே இருக்கும் மஞ்சள் பிளாஸ்டிக் முக்காலியைப் பார்த்து அதை உரக்கப் படிப்பாள். திருடன் வந்தால் திருடன் குரல், அம்மா வந்தால் அம்மா குரல். முன்பெல்லாம் அந்த முக்காலியில் மகள் உட்கார்ந்திருப்பாள். பெயர் இருந்தும் வீட்டில் அவள் வாண்டுதான். எந்த இடத்தில் வாண்டு நெளிகிறாளோ அந்த இடத்தை அம்மா அடித்துவிடுவாள். வாண்டு பள்ளிக்குப் போக ஆரம்பித்த பிறகு முக்காலி காலியாகிவிட்டது. பழக்கம் மட்டும் போகவில்லை. காலி முக்காலிக்கே படித்தாள். கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் அப்படிப் படிக்காத பக்கத்தின் மேல் அவளுக்கு நம்பிக்கை வராது.

புது வீட்டில் புதுக் கதை தொடங்கினாள். மழையில் நனைந்தபடி ஒரு குழந்தை தெருத்தெருவாகப் போய்க் கதவைத் தட்டுகிறது. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சாக்கு. "உள்ளே ஊசி கொட்டிக் கிடக்கு, கால்ல குத்திடும்" என்கிறார் தையல்காரர். "கண்ணாடியைக் காணோம், நீ யாருன்னே தெரியலையே" என்கிறார் வாத்தியார். சிரிக்கச் சிரிக்க எழுத வேண்டும் என்பது திட்டம்.

கதை பிடித்துக்கொண்டது. அவளுக்கே ஆச்சரியம். படிக்கும்போது எந்த இடத்தில் மூச்சு விட வேண்டும், எந்தச் சொல்லில் குரலை இறக்க வேண்டும் என்பதெல்லாம் தானாக வந்தது. அறையில் மெல்லிய ஒரு வாசனையும் வந்தது. மழையில் நனைந்து, துவட்டாமல் விட்ட தலைமுடியின் வாசனை. ஜன்னலுக்கு வெளியே நல்ல வெயில். பக்கத்து வீட்டுக் கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. அந்த ஈரம்தான் காற்றில் வருகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

ஒருநாள் காலை, தையல்காரர் பேச்சை நீளமாக இழுத்துவிட்டிருந்தாள். படித்துக்கொண்டே போனபோது முக்காலி கிறீச் என்றது.

வாண்டு நெளிந்தால் வரும் அதே சத்தம்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். முக்காலி காலியாக இருந்தது. குனிந்து பக்கத்தைப் பார்த்தாள். அந்த இடம் உண்மையிலேயே வளவளவென்றுதான் இருந்தது. பென்சிலை எடுத்து அடித்தாள். மறுபடி படித்தாள்.

சத்தம் வரவில்லை.

அப்போதே எழுந்து போயிருக்க வேண்டும். ஆனால் 'இது நன்றாக இருக்கிறதா' என்று கேட்க ஆளில்லாமல் வருஷக்கணக்காகத் தவித்தவள் அவள். பிளாஸ்டிக் வெயிலில் விரியும், சுருங்கும் என்று தனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். மறுநாளும் படித்தாள். கிறீச் என்ற இடத்தையெல்லாம் அடித்தாள். அனுப்பியிருந்த பாதிக் கதையைப் படித்துவிட்டு, அவள் கதைகளைத் திருத்தும் பதிப்பகத்து அக்கா போனில் கூப்பிட்டாள்.

"அடியே, யாரைடி எதிர்ல உட்கார வச்சு எழுதறே? ஒரு வரியை வெட்ட முடியல. என் வேலைக்கே உலை வைக்கிறியா?"

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முக்காலியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சிரிப்பு வரவில்லை.

அன்று சாயங்காலம் சாப்பிடும்போது வாண்டு கேட்டாள். "அம்மா, வாத்தியாருக்குக் கண்ணாடி கிடைச்சுதா?"

"எந்த வாத்தியார்?"

"கதவு திறக்காத வாத்தியார்."

அந்தக் கதையில் ஒரு வரியைக்கூட அவள் மகளுக்குச் சொன்னதில்லை.

"உனக்கு யாரு சொன்னா?"

"அதுதான்," என்றாள் வாண்டு, தட்டைப் பார்த்தபடி. "மேல உன் எதிர்ல உட்கார்ந்திருக்குமே. அதுக்கு அப்புறம் என்ன ஆச்சுன்னு தெரியணுமாம்."

மறுநாள் அவள் மேல் அறையைப் பூட்டினாள். சமையலறை மேடையில் காகிதத்தை வைத்துக்கொண்டு வேறு கதை எழுதப் பார்த்தாள். வரவில்லை. மாடியில் முக்காலி கிறீச்சிட்டது. கொஞ்சம் பொறுத்து மறுபடி. நெடுநேரம் காத்திருக்கும் குழந்தை நெளிவதுபோல விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தது. மத்தியானத்துக்கு மேல் நின்றுவிட்டது. அப்பாடா என்று இருந்தது.

பள்ளி விட்டு வந்த வாண்டு பையைக்கூடக் கழற்றாமல் கூடத்துச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். கிசுகிசுப்பாகச் சொல்ல ஆரம்பித்தாள். மழை, தெரு, கதவு. தையல்காரர், வாத்தியார். முடிந்ததும் முதலிலிருந்து.

"வாண்டு, போதும்டா. வா, பால் குடி."

"முடியாதும்மா. நீ சொல்ல மாட்டேங்கறியாம்." திரும்பாமலே சொன்னாள். "அதனால நான் சொல்லணுமாம்."

கணவன் முதலில் கேலி செய்தான். "நீ மேல தனியாப் பேசினா அது கதை. பிள்ளை கீழ தனியாப் பேசினா மட்டும் வியாதியா?" இரண்டு நாளில் அவன் கேலி அடங்கியது. வாண்டு சாப்பிடவில்லை. ஊட்டினால் வாயில் சோற்றை வைத்துக்கொண்டே பேசினாள். குரல் கம்மி, கரகரத்து, காற்றாகிப் போனது. உதடு வெடித்தது. டாக்டரம்மா தொண்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்து, மருந்து எழுதினாள்.

"மருந்தெல்லாம் அப்புறம். முதல்ல இவளை வாயை மூடிட்டு இருக்கச் சொல்லுங்க."

யார் சொன்னால் கேட்கும்?

நாத்தனார் வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள். வெளிச்சமான புது வீடு, நிறையப் பிள்ளைகள். வாண்டு அங்கேயும் ஒரு சுவரைத் தேடி உட்கார்ந்தாள். பிள்ளைகள் விளையாட்டாகப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, சற்று நேரத்தில் ஒவ்வொன்றாக எழுந்து வந்துவிட்டன. "அங்க ஈர நாத்தம் அடிக்குது மாமி," என்றது ஒன்று.

திரும்பி வந்தார்கள். வாண்டுவின் குரலில் இப்போது சொற்களே இல்லை. உதடு மட்டும் அசைந்தது. கணவன் அவளை மடியில் வைத்துக்கொண்டு, தன் உள்ளங்கையால் அந்த உதட்டை மெல்ல மூடினான். கைக்குள்ளும் அது அசைவது தெரிந்ததும் கையை எடுத்துக்கொண்டு அழுதான். அவன் அழுது அவள் பார்த்ததே இல்லை.

"உன் கதைதானே?" என்றான். "முடிச்சு விட்டுடேன். கெஞ்சிக் கேட்கறேன்."

காலையில் வேலைக்கு அழைப்பு வர, அவன் அரைமனதாகப் போனான். அவள் வாண்டுவைக் கூடத்தில் படுக்க வைத்துவிட்டு மேல் அறையைத் திறந்தாள்.

ஈர வாசனை முகத்தில் அறைந்தது. கதவைச் சாத்தினாள். பென்சிலைச் சீவினாள். முனை ஒடிந்து ஒடிந்து விழுந்தது. கதவைத் தட்டிய குழந்தை மழை வெள்ளத்தோடு போய்விட்டது என்று எழுதலாமா? எதிரே உட்கார்ந்திருப்பதை வைத்துக்கொண்டு அதைப் படிக்க முடியுமா? படித்தால் கீழே படுத்திருப்பவளை அது என்ன செய்யும்? அவளுக்குத் தெரிந்த முடிவு ஒன்றே ஒன்றுதான். இத்தனை வருஷமாக எல்லாக் கதைகளுக்கும் அதைத்தான் வைத்தாள். தொலைந்த குழந்தை வீடு வந்து சேர வேண்டும்.

எழுதினாள். நாற்காலியைத் திருப்பினாள். படித்தாள்.

கடைசித் தெரு. கடைசி வீடு. குழந்தை தட்டுகிறது. முக்காலி அசையவில்லை. அறையே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. கதவு திறக்கிறது. வாசலில் ஒரு அம்மா. வழக்கம்போல அவள் குரல் மாறியது. வாண்டுவிடம் பேசும் அதே குரலில் கையை நீட்டிச் சொன்னாள்.

"உள்ள வா, கண்ணு. எவ்வளவு நேரமா உனக்காகக் காத்துட்டிருக்கேன் தெரியுமா? இது உன் வீடு. நான்தான் உன் அம்மா."

பிடித்திருந்த மூச்சு எதிரே மெல்ல வெளியேறியது. அது அவள் நீட்டிய கையில் பட்டது. குளிர்ச்சியாக இருந்தது.

சாத்தியிருந்த கதவு திறந்துகொண்டது.

படிகளில் ஈரப் பாதங்களின் சத்தம். சளக், சளக் என்று அவசரமில்லாமல் இறங்கியது. தன் வீட்டுப் படியில் இறங்குவதுபோல.

அப்போதுதான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அவளுக்கு உறைத்தது.

"இல்ல! அது கதை! கதைக்காகச் சொன்னது!"

கேட்க அந்த அறையில் யாரும் இல்லை.

விழுந்தடித்துக்கொண்டு கீழே ஓடினாள். வாண்டு சுவரைப் பார்க்கவில்லை. உதடு அசையவில்லை. சீரான மூச்சோடு தூங்கிக்கொண்டிருந்தாள். தலையைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்துதான் இருந்தது. வீடு முழுக்கத் தேடினாள். கட்டிலடியில், குளியலறையில், கதவுகளுக்குப் பின்னால். எங்கும் ஈரம் இல்லை. வாசனை இல்லை. மத்தியானம் வாண்டு எழுந்து ரசமும் சோறும் கேட்டாள். கரகரத்த குரலில்தான், ஆனால் அவளாகவே கேட்டாள். அம்மா ஊட்டினாள். ஊட்டும்போதே அழுதாள்.

போய்விட்டது என்றுதான் நம்பினாள்.

சாயங்காலம் சமையலறையில் அடுப்பைப் பற்றவைத்தபோது வாசலில் கணவனின் செருப்புச் சத்தம் கேட்டது. கூடத்தில் விளக்கைப் போட்டான். உடனே அவன் குரலில் அப்படியொரு சந்தோஷம்.

"அட, வாண்டு! எழுந்துட்டியா! குரல் வந்துடுச்சா?" பிறகு, "இதென்ன, தலையெல்லாம் சொட்டச் சொட்ட? உங்கம்மா துவட்டி விடலையா? இரு, துண்டு எடுத்துட்டு வர்றேன். ஆடாம நில்லு, கழுதை."

கலகலவென்று ஒரு சிரிப்பு எழுந்தது. வாண்டுவின் சிரிப்பு. கிச்சுகிச்சு மூட்டினால் வரும், விக்கலில் போய் முடியும் அதே சிரிப்பு.

அவளும் தன்னையறியாமல் சிரித்துக்கொண்டே கரண்டியோடு திரும்பினாள்.

சமையலறை வாசலில் வாண்டு நின்றுகொண்டிருந்தாள். தலையணையை நெஞ்சோடு அணைத்திருந்தாள். வாய் இறுக மூடியிருந்தது. கூடத்தில் சிரிப்பு இன்னும் ஓயவில்லை.

"அப்பாவைக் கூப்பிட்டேன்மா," என்றாள், வெடித்த உதடு அதிகம் அசையாமல். "பக்கத்துலயே நின்னு கூப்பிட்டேன். என்னைப் பார்க்கவே இல்ல."

அவள் மண்டியிட்டு மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். எவ்வளவு இறுக்கியும் அணைப்பில் பாரம் ஏறவில்லை. தலையணை மட்டும்தான் கைக்குக் கனமாகத் தட்டுப்பட்டது.

"அம்மா," என்று காதருகே கேட்டது. "நான் இனிமே எங்க படுக்கிறது?"