ஒரு நிமிடச் சாட்சி

கடைசியாக எனக்கு மருந்து கூட்டப்பட்டு நாற்பத்தெட்டு மணி நேரம் ஆகியிருந்தது. காலை ஏழு மணிக்கு, வழக்கம்போல, நானும் தம்பி ஜெபராஜும் மேசையின் இரு பக்கம் உட்கார்ந்து ஒரு நிமிடம் பேசாமல் கேட்டோம். பிறகு, காதில் விழுந்த ஒலிகளை அவரவர் பலகையில் எழுதினோம்.

அவன் நான்கு எழுதினான்: கப்பல் சங்கு, மின்விசிறி, பக்கத்து வீட்டுக் கதவு, பஸ். நான் ஆறு. ஒரு தேன்சிட்டும் குழாயின் சன்னமான விசிலும் என் பட்டியலில் மட்டும் இருந்தன.

என் மணிக்கட்டுப் பட்டையில் எண் 79-லிருந்து 81 ஆனது.

அந்த எண்ணுக்கு அடைப்பளவு என்று பெயர். மூளையில் டோபமின் வந்து அமரும் ஏற்பிகளில் நூற்றுக்கு எத்தனையை மருந்து பிடித்து வைத்திருக்கிறது என்று காட்டும். நோயில் எனக்குக் கேட்கும் குரல்களின் வாயை மருந்து நேராக மூடுவதில்லை. ஒன்றுமில்லாத விஷயத்துக்கெல்லாம் ‘இது உனக்காகத்தான்’ என்று டோபமின் குத்தும் முத்திரையைத் தடுக்கிறது. அறுபத்தைந்துக்குக் கீழே போனால் எனக்குக் குரல்கள் திரும்பும். எண்பதைத் தாண்டினால் கை இறுகும். அசைவைக் கவனிக்கும் பகுதியிலும் அதே ஏற்பிகள்தான்.

தோலுக்கடியில் இருக்கும் குப்பி, எங்கள் பட்டியல்களின் வித்தியாசத்தைப் பார்த்து மருந்தை அளக்கிறது; எனக்கு மட்டும் கேட்டவை இருந்தால் மருந்தைக் கூட்டும். மைக் வைத்தால் எளிது. ஆனால் வீட்டுக்குள் இயந்திரம் ஒட்டுக்கேட்கக் கூடாது, மனிதச் சாட்சிதான் வேண்டும் என்று போராடிச் சட்டம் வாங்கியவர்கள் என்னைப் போன்ற நோயாளிகளே. வீட்டில் சாட்சி இல்லாதவர்கள் காப்பகத்துக்குப் போக வேண்டும்.

நான் கடற்புல் நாற்றுகளை இடுக்கியால் பிரித்து நடுபவள். அன்று மூன்றை நசுக்கிவிட்டேன். திங்கட்கிழமைக்குள் கை சரியாகாவிட்டால் வேறு ஆள் பார்ப்பதாக மேற்பார்வையாளர் சொன்னார்.

மாலையில் பழைய பட்டியல்களை எடுத்துப் பார்த்தேன். ஏழு மாதங்களில் எனக்கு மட்டும் கேட்டவை: அணில், கொசு, குழாய், தேன்சிட்டு. நான் முன்பு கேட்ட குரல்கள் கட்டையானவை, என்னைத் திட்டியவை. இவை யாரையும் திட்டவில்லை. எல்லாமே மெல்லிய, கீச்சென்ற ஒலிகள். நோய்க்கு ஏன் இவ்வளவு ஒழுங்கு?

ஜெபராஜ் இறால் உரித்துக்கொண்டிருந்தான்.

“ஏல, இந்தத் தேன்சிட்டு ஒனக்கு ஒருநாளாவது கேட்டிருக்கா?”

“அது ஒங்கூட மட்டுந்தான் பேசும்போல. எனக்குக் காக்காதான் வாய்ச்சிருக்கு” என்று சிரித்தான்.

முட்டை அவிக்க வைத்திருக்கும் டைமரை அவன் முதுகுக்குப் பின்னால் வைத்தேன். கீச்கீச்சென்று அடித்தது. அதன் சிவப்பு விளக்கும் கூடவே மின்னியது. இது என் மூளையில் அடிக்கவில்லை. அவன் இன்னோர் இறாலை எடுத்தான்.

டைமரைத் தட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தேன்.

“இது அடிக்குதால?”

விளக்கையே பார்த்தான். கையிலிருந்த இறால் நழுவியது.

“சாட்சி சரியில்லன்னா ஒன்னையக் காப்பகத்துல கொண்டு விட்டுருவாங்கக்கா.”

“நான் கேட்டது அது இல்லல.”

டைமரைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னான்.

“எனக்கு ஏழு மாசமா சன்னச் சத்தம் எதுவுமே கேக்கலக்கா.”