கழுவிய வளையம்

ராக்னா கொட்டகைக் கதவைத் திறந்தபோது, முன்பின் தெரியாத ஒருவன் அந்த மரவளையத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தான்.

"வாங்க... பாருங்க, எப்படி வந்திருக்குன்னு."

நன்றாகத்தான் வந்திருந்தது. எலும்பு மாதிரி வெளுத்திருந்தது. சின்னச் சின்ன மரத்துண்டுகளைக் கோத்துச் செய்த வளையம். ஒவ்வொரு இடுக்கும் பளிச்சென்று தெரிந்தது. அவள் பிறந்ததிலிருந்து அந்த இடுக்குகளை யாரும் பார்த்ததில்லை.

அவன் பெயர் ஐவின். வெள்ளிக்கிழமை மாலை பெர்கன் நகரத்திலிருந்து வந்து, அவர்கள் பண்ணையின் கீழ்க்குடிலை மூன்று நாளைக்கு வாடகைக்கு எடுத்தவன். மலை ஏறுவதும் மீன் பிடிப்பதும்தான் திட்டம். சனிக்கிழமை காலை ஏரியில் இரண்டு மீன் பிடிப்பதற்குள் மழை வலுத்துவிட்டது. வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவன் என்று தெரிந்ததும், ராக்னாவின் அப்பா கிஸ்லே கொட்டகைச் சாவியைக் கொடுத்து, "சுத்திப் பாரு தம்பி" என்றார். பார்த்தவன் சுத்தமும் செய்துவிட்டான்.

"இது எங்க இருந்துச்சு?"

"மேல ஆணியில தொங்கிச்சு. ஒரே கறை... பழுப்பா காய்ஞ்சு, புகை படிஞ்சு. முதல்ல அமிலத்துல ஊற வெச்சேன். அப்புறம் இருபது நிமிஷம் கொதிக்க வெச்சேன்."

"இருபது நிமிஷம்."

"பதினஞ்சே போதும். நான் எப்பவும் அஞ்சு சேர்த்துக்குவேன். ஆஸ்பத்திரியில கருவிகளைக் கிருமி நீக்குறதுதான் என் வேலை. பழக்கமாயிருச்சு."

"அந்தக் கறைதான் எங்க ஈஸ்ட்."

அவன் கை நின்றது. பீர் காய்ச்சுகிறவனுக்கு அதற்கு மேல் விளக்கத் தேவையில்லை. நுரைத்துக்கொண்டிருக்கும் பீரில் வளையத்தை முக்கி எடுத்து, காயவைத்து மாட்டுவார்கள். அடுத்த முறை அதையே புதிதாகக் காய்ச்சிய பார்லிச் சாற்றில் போட்டால் ஈஸ்ட் எழுந்துகொள்ளும். அந்த வீட்டில் அப்படித்தான் ஐந்து தலைமுறையாக எழுந்துகொண்டிருந்தது.

அவன் நிமிர்ந்து பார்த்தான். மழை பிடிப்பதற்கு முன்னால் ஏரி இருக்குமே, அந்த நிறத்தில் கண்கள். 'இப்ப இதை எதுக்குப் பாக்குறேன்...' என்று அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

"வேற எடுத்து வெச்சிருப்பீங்களே... ஃப்ரிட்ஜில?"

"ஒரு சீசா இருந்துச்சு. ஏப்ரல்ல ஃப்ரிட்ஜ் கெட்டுச்சு, அதோட அதுவும் போச்சு. புதுசா ஒண்ணு எடுத்து வைக்கணும்னு அஞ்சு மாசமா நினைச்சுக்கிட்டே இருக்கேன்."

"என் பையில பாக்கெட் ஈஸ்ட் இருக்கு. நல்ல..."

அவள் பார்த்த பார்வையில் அந்த வாக்கியம் முடியவில்லை.

"அடுத்த சனிக்கிழமை மலையிலேர்ந்து ஆடு இறக்குறோம். பதினெட்டு பேர் வருவாங்க. ஒரு நாள் பூரா மழையில நடந்துட்டு வந்து இங்கதான் உட்காருவாங்க, இந்த வீட்டு பீருக்காக. திங்கக்கிழமை நான் காய்ச்சணும்." வளையத்தை அவன் கையிலிருந்து வாங்கி மறுபடி ஆணியில் மாட்டினாள். எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை. "கொட்டகையைச் சுத்தம் பண்ணச் சொல்லி உங்களை யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல."

ஒரு சாக்குகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் திட்டுவதற்காவது வசதியாக இருந்திருக்கும்.

மதியம் அவன் அந்த இரண்டு மீனையும் சூப் வைத்து, பாத்திரத்தோடு பெரிய வீட்டுக்கு எடுத்து வந்தான். கிஸ்லே மூன்று கிண்ணம் குடித்தார்.

"ஈஸ்டைக் கொன்னவன் சூப் நல்லாத்தான் வைக்கிறான்" என்றார் மகளிடம்.

ராக்னா உட்காரவில்லை. நின்றபடியே ஒரு கிண்ணம் குடித்தாள். "உப்பு கம்மி" என்றாள். பிறகு இன்னொரு கிண்ணம் ஊற்றிக்கொண்டு ஆட்டுத்தொழுவத்துக்குப் போய்விட்டாள்.

"பக்கத்து வீடுகள்ல ஈஸ்ட் இருக்கும்ல?" என்று கேட்டான் ஐவின்.

"இருக்கும். அது அவங்க ஈஸ்ட். அடுத்தவன் செருப்பு மாதிரி... போட்டு நடக்கலாம், கடிக்கும்." கிஸ்லே ரொட்டியால் கிண்ணத்தை வழித்தார். "எங்களது ஒரே ஒரு வீட்டுலதான் இருக்கு. மலைக்கு அந்தாண்ட, ஹவுகன் பண்ணையில. ராக்னாவை அந்த வீட்டுப் பையன் தூர்ஸ்டைனுக்கு நிச்சயம் பண்ணப்போ நாந்தான் ஒரு சீசா குடுத்தேன். பொண்ணு போறதுக்கு முன்னாடி ஈஸ்ட் போயிருச்சு. பொண்ணு போகல."

"ஏன்?"

"கல்யாணத்துக்குப் பதினோரு நாள் இருக்கறப்ப அந்தப் பையன் மனசு மாறிட்டான். இப்ப வேற கல்யாணம் ஆயிருச்சு. அங்க இவ கேட்டுப் போக மாட்டா. நீ சொல்லாத, நான் சொல்லாதேன்னு சொன்னதையும் சொல்லாத."

அந்தக் கல்யாணத்துக்காக நூற்றைம்பது லிட்டர் காய்ச்சி வைத்திருந்தார்கள். கல்யாணம் நின்றது. பீர் நிற்கவில்லை. ஊரார் ஆறுதல் சொல்ல வந்து, குடித்து, இவ்வளவு நல்ல பீர் இதுவரை வாய்த்ததில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதன்பிறகு இரண்டு வருடமாக ராக்னா ஹவுகன் பக்கம் திரும்பியதில்லை.

ஞாயிறு காலை குடிலில் ஐவின் இல்லை. மீன் பிடிக்கப் போயிருப்பான் என்று நினைத்துக்கொண்டாள். 'நான் எதுக்கு அந்த ஜன்னலையே பாக்குறேன்...' என்றும் நினைத்தாள்.

பதினோரு மணிக்கு அவன் மலைப்பாதையில் இறங்கி வந்தான். முழங்கால்வரை சேறு. தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது. வேலியோரம் நின்றிருந்தவளிடம் நேராக வந்தான்.

"ஹவுகனுக்குப் போனேன்."

அவளுக்குக் காது சூடானது. "என்ன?"

"ஆஸ்ஹில்டுன்னு ஒருத்தங்க இருந்தாங்க. தூர்ஸ்டைனோட பொண்டாட்டி. ஈஸ்ட் இருக்குன்னாங்க. என்கிட்ட தர மாட்டாங்களாம். காய்ச்சுறவங்க கையிலதான் குடுப்பாங்களாம். உங்களை வரச் சொன்னாங்க."

"யாரைக் கேட்டுப் போனே?"

அவள் பேச்சிலிருந்த மரியாதை அந்த இடத்தில் கழன்று விழுந்தது. இருவருமே கவனித்தார்கள். இருவருமே எடுத்து மாட்டவில்லை.

"யாரையும் கேக்கல" என்றான்.

"நேத்து வளையம். இன்னைக்கு நானா? என்னையும் அமிலத்துல முக்கிக் கொதிக்க வெச்சாத்தான் உனக்குத் தூக்கம் வருமா? ரெண்டு வருஷமா அந்த வீட்டுக்கு முன்னால நான் எதுக்கும் போய் நின்னதில்ல. இப்ப அவளுக்குத் தெரியும். எங்க வீட்டுல ஈஸ்ட் இல்ல, நான் வேற ஒருத்தனை அனுப்பிப் பிச்சை கேட்டேன்னு."

"நீங்க அனுப்பலேன்னு சொன்னேன்."

"நம்புனாளா?"

"இல்ல."

பொய் சொல்ல வரவில்லை இவனுக்கு. அது அப்போது அவளுக்கு எந்த விதத்திலும் உதவவில்லை.

"தப்பு என்னோடது" என்றான் அவன். "அதான் நானே போய்ச் சரி பண்ணலாம்னு... உங்களைப் போய் நிக்க வைக்கணும்னு நினைக்கல. அதுவும் தப்பாப் போச்சு." பிறகு, "மலையில நல்ல காத்து" என்றான், சம்பந்தமில்லாமல்.

அவள் உள்ளே போனாள். அடுப்பைத் துடைத்தாள். துடைத்த அடுப்பை மறுபடி துடைத்தாள். பதினெட்டுப் பேரும் பாக்கெட் ஈஸ்டில் காய்ச்சிய பீரைக் குடித்துவிட்டு, மரியாதைக்காக ஒன்றும் சொல்லாமல் இருப்பதை நினைத்துப் பார்த்தாள். இரண்டு வருடத்துக்கு முன் பாராட்டினார்கள். இந்தத் தடவை சும்மா இருப்பார்கள். எது மோசம்? அதைவிட மோசமாக இன்னொன்று தோன்றியது. எவனோ ஒருத்தன் மனசு மாறியதற்காகத் தன் வீட்டு ஈஸ்டைத் தானே சாகவிடப் போகிறாள்.

மழைக்கோட்டை எடுத்து மாட்டினாள்.

அரை மணி நேர ஏற்றத்துக்குப் பிறகுதான் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. திரும்பாமலே சொன்னாள்.

"நீ எதுக்கு வர்றே?"

"பாதை வழுக்குது."

"நான் இங்கயே பிறந்தவ."

"எனக்கு வழுக்குது" என்றான். "முன்னாடி ஆள் இருந்தா நல்லது."

அவள் முகம் அவனுக்குத் தெரியாதது நல்லதாகப் போயிற்று. உதட்டோரம் ஒரு சின்னச் சிரிப்பு வந்து, மழையில் நனைந்து, போனது.

ஹவுகன் வேலிக்கு வெளியே அவன் நின்றுகொண்டான். அவள் தனியாகக் கதவைத் தட்டினாள். திறந்தவள் ஆஸ்ஹில்டு. கையில் மாவு. தூர்ஸ்டைன் ஆடு பார்க்க மேலே போயிருந்தான்.

"வந்துட்டியா" என்றாள் ஆஸ்ஹில்டு. "காலைத் தட்டிட்டு உள்ள வா."

"இங்கயே நிக்கிறேன். ஈஸ்ட் வேணும். அந்த ஆளை நான் அனுப்பல."

"நீ அனுப்பின ஆளா இருந்தா அப்படி நடுங்கியிருக்க மாட்டான். அது எனக்குத் தெரியும்." ஆஸ்ஹில்டு மாவை ஏப்ரனில் துடைத்தாள். "தராம திருப்பி அனுப்புனது எதுக்குன்னு கேளேன். ரெண்டு வருஷமா கடையில என்னைப் பாத்ததும் பூனைத்தீனி அலமாரிப் பக்கம் திரும்பி நிக்கிறே. உங்க வீட்டுல பூனையே இல்ல."

ராக்னா காலணிச் சேற்றை வாசற்படியில் தேய்த்தாள்.

"தூர்ஸ்டைன் உனக்குப் பண்ணுனது அசிங்கம்தான். நான் அப்ப இங்க இல்ல. இருந்தாலும் நான்தான் ஏதோ திருடின மாதிரி இருக்கு, ஒவ்வொரு தடவையும். அந்த சீசாவைத் தூக்கிப் போடுன்னு அவன் சொன்னான். நான் போடல. நாலு தடவை காய்ச்சிப் புதுப்பிச்சு வெச்சிருக்கேன். நல்ல ஈஸ்ட். அது என்ன பண்ணுச்சு பாவம்."

அவள் உள்ளே போய் ஒரு சீசாவோடு வந்தாள். அடியில் பால்நிறத்தில் வண்டல், மேலே இரண்டு விரல் பீர். ராக்னா மூடியைத் தளர்த்தி மோந்தாள். ஆரஞ்சுத் தோல், கொஞ்சம் புகை. அவள் வீட்டுக் கொட்டகையின் வாசனை. இன்னொரு முறை மோந்தாள். பிறகு மூடினாள்.

"சனிக்கிழமை ஆடு இறக்குறோம்" என்றாள். "நீயும் வா... பீர் இருக்கும்."

"தூர்ஸ்டைனையும் கூட்டிட்டு வரவா?"

"அவன் ஆடு பாக்கட்டும்."

ஆஸ்ஹில்டு சிரித்துவிட்டாள்.

இறங்கும்போது மழை மெலிந்திருந்தது. சீசாவைக் குளிர் தாக்காமல் ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டு ராக்னா முன்னால் நடந்தாள். ஐவின் பின்னால் வந்தான். பாதிவழியில் அவளேதான் நின்றாள்.

"என்ன ஆச்சுன்னு கேக்க மாட்டியா?"

"சீசா தெரியுது." பிறகு மெல்ல, "ரொம்ப நேரம் உள்ள இருந்தே" என்றான். இப்போது அவனிடமும் மரியாதை இல்லை.

"உள்ள போகவே இல்ல. வாசல்லதான் நின்னேன்."

"சரி. ரொம்ப நேரம் வாசல்ல இருந்தே. எனக்குப் பயமா இருந்துச்சு."

"எதுக்குப் பயம்?"

"அவன் வீட்டுல இருந்தா... உன்னைப் பாத்தா... திரும்ப மனசு மாறிடுவானோன்னு."

"அவனுக்குத்தான் கல்யாணம் ஆயிருச்சே."

"தெரியும். அப்படியும்." அவன் பாதையைப் பார்த்துப் பேசினான். "முதல்ல உன் ஈஸ்டுக்காகத்தான் போனேன். ரெண்டாவது தடவை அதுக்காக இல்ல. நேத்து நீ அந்த வளையத்தைத் திருப்பி ஆணியில மாட்டினியே... அப்பலேர்ந்து எனக்கு ஒண்ணும் சரியில்ல. இதைச் சொல்ல இது நேரமில்லன்னு தெரியும். ஆனா நாலு மணிக்கு எனக்கு பஸ்."

அவள் அவனைப் பார்த்தாள். இமைகளில் மழைத்துளிகள். அவன் துடைக்கவில்லை. 'இதைப் போய் இப்படிச் சொல்றான், பஸ் நேரத்தோட சேர்த்து...' முன்பு ஒருத்தன் நிறைய அழகாகச் சொன்னான். அதில் எதுவும் மிச்சமில்லை.

"நட" என்றாள். "பஸ் போயிடும்."

குடிலில் அவன் மூட்டையைக் கட்டிக்கொண்டு சாலைக்கு வந்தபோது, நிறுத்தத்தில் அவள் சீசாவோடு நின்றிருந்தாள்.

"உன் ஃபிளாஸ்க்கைக் குடு. கழுவினியா?"

"காலையில கொதிக்க வெச்சேன்."

"அதுக்காவது ஆகுறியே." சீசாவை மெல்லச் சுழற்றி வண்டலைக் கலக்கி, பாதியை அவன் ஃபிளாஸ்க்கில் ஊற்றினாள். "ஒரே வீட்டுல இருந்தா இப்படித்தான் ஆகும். இன்னொரு இடத்துலயும் இருக்கட்டும். மூடியை இறுக்காதே, மூச்சு விடணும். சாய்க்காதே. போனதும் ஃப்ரிட்ஜில வை."

அவன் ஃபிளாஸ்க்கை இரண்டு கையாலும் வாங்கினான். அவர்கள் வீட்டு ஈஸ்ட் இதற்குமுன் ஒரே ஒருமுறைதான் வெளியே போயிருக்கிறது. எதற்காகப் போனது என்பது அவனுக்குத் தெரியும். அவனுக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரிந்தது.

வளைவில் பஸ் தெரிந்தது.

"சனிக்கிழமை..." என்றான். "ஆடு இறக்க ஆள் வேணுமா?"

"ஆள் பதினெட்டு இருக்கு. ஆள் போதும்."

பஸ் வந்து நின்றது. கதவு திறந்தது. ஓட்டுநர் இருவரையும் பார்த்தார். அவன் படியில் ஒரு கால் வைத்தான்.

"நீ வா" என்றாள் ராக்னா.

பெர்கன் வரும்வரை இரண்டு மணி நேரம், அவன் ஃபிளாஸ்க்கை முழங்கால்களுக்கு நடுவே நிமிர்த்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். ஒரு வளைவில்கூட அது சாயவில்லை.