மின்னலுக்கு அவசரமில்லை

போன மாதம் வரை அவள் சும்மா ஒரு பத்து வயதுப் பெண். இந்த மாதம் அவள் ‘மின்னல்’!

எல்லாம் பக்கத்துக் கடை செல்போன் மாமாவின் வேலை. அம்மாவின் சைக்கிள் கடையில் அவள் பஞ்சர் ஒட்டுவதைப் படம்பிடித்து, ‘எட்டே நிமிடத்தில் பஞ்சர் ஒட்டும் மின்னல்!’ என்று இணையத்தில் போட்டுவிட்டார். லட்சம் பேர் பார்த்தார்களாம். பள்ளிக்கூடத்தில் பெரிய வகுப்பு அண்ணன்கள்கூட அவளுக்கு வழிவிட்டார்கள். பொய் சொல்வானேன், அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

இந்தச் சனிக்கிழமை கடை வாசலில் ஒரே கூட்டம். தபால்கார அக்கா பஞ்சரான சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

“மின்னல், இன்னைக்கு ஆறே நிமிஷம்! முடியுமா?” என்று மாமா போனைத் தூக்கினார்.

“அதுக்கும் முன்னாடியே முடிப்பேன்!”

டியூபை உருவினாள். தண்ணீரில் அமுக்கி ஓட்டையைக் கண்டுபிடித்தாள். தேய்த்தாள், ஒட்டினாள், மாட்டினாள், காற்றடித்தாள். ஐந்து நிமிடம் ஐம்பது விநாடி! கைதட்டல் காதைப் பிளந்தது.

கால் மணி நேரத்தில் அக்கா திரும்பி வந்தார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு. அதே சக்கரம் தரையோடு தரையாக அமுங்கியிருந்தது.

“பாலத்தைக்கூடத் தாண்டலை பாப்பா. பையில ஒருத்தருக்கு மருந்துப் பார்சல் இருக்கு. பன்னிரண்டு மணிக்குள்ள அக்கரையில கொடுத்தாகணும்.”

மணி பதினொன்றேகால். என்ன நடந்தது என்று மின்னலுக்குத் தெரியும். டயருக்குள்ளே விரலை ஓட்டி, குத்தியது எது என்று தேடி எடுக்க வேண்டும். அதை அவள் செய்யவே இல்லை.

“முள்ளு உள்ளேயே இருக்குக்கா. எல்லாரும் பார்க்கறாங்கன்னு அவசரப்பட்டுட்டேன். என் தப்புதான்.”

அம்மா எழுந்து வந்தார். “நான் பண்ணட்டுமா?”

“வேணாம்மா. நானே சரி பண்றேன்.”

“சபாஷ், ரெண்டாவது ரவுண்டு!” என்றார் மாமா. “இந்தத் தடவை அஞ்சு நிமிஷம்!”

“இல்ல மாமா. எவ்வளவு நேரம் ஆகுதோ ஆகட்டும்.”

“அப்படிச் செஞ்சா யாரு பார்ப்பா?”

“பார்க்காட்டிப் போகட்டும்.”

“லட்சம் பேரு காத்துக்கிட்டிருக்காங்கம்மா!”

“அக்காவும்தான் காத்துக்கிட்டிருக்காங்க. அவங்க என் கண்ணு முன்னாடியே நிக்கறாங்க. நீங்க சும்மாதானே இருக்கீங்க? போனை வெச்சிட்டு இந்தப் பம்பைப் பிடிங்க!”

அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மாமா போனைப் பையில் போட்டுவிட்டுப் பம்பைப் பிடித்தார்.

அவள் டயருக்குள்ளே அங்குலம் அங்குலமாக விரலை ஓட்டினாள். கூட்டம் கொட்டாவி விட்டது. “இதுவா மின்னல்? ஆமைதான்!” என்றார் ஒருவர். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

சுருக்! இதோ, முள்முனை. குறட்டால் பிடுங்கினாள். புது ஓட்டையை ஒட்டி, டியூபை மறுபடி தண்ணீரில் அமுக்கினாள். ஒரு குமிழிகூட வரவில்லை. மாமா மூச்சு வாங்கக் காற்றடித்து முடித்தபோது இருபது நிமிடம் ஆகியிருந்தது. வாசலில் ஈ, காக்கா இல்லை.

அக்கா ஏறி மிதித்தார். மின்னல் தெருமுனை வரை பின்னாலேயே ஓடினாள். சைக்கிள் பாலத்தில் ஏறியது, அக்கரையில் இறங்கியது. சக்கரம் கிண்ணென்று இருந்தது. அவள் தனியாக நின்று ஒரு குதி குதித்தாள்.

வேர்வையைத் துடைத்தபடி மாமா வந்து சேர்ந்தார். “இவ்வளவு பாடுபட்டும் ஒருத்தர்கூடப் பார்க்கலையே!”

“நான் பார்த்தேனே!” என்றாள் அவள்.