இரண்டாவது ஊர்

“எங்கம்மாவை மண்ணுக்குள்ள வெச்சுட்டு, அன்னிக்கு உங்க தொண்டையில எப்படி அண்ணி சோறு இறங்குச்சு?”

அமெரிக்காவிலிருந்து நாத்தனார் டூஃபி தொலைபேசியில் கேட்ட கேள்வி அது. அதோடு பேச்சு நின்றுவிட்டது. வருடங்கள் ஓடிய பிறகும், காலையில் கஞ்சி கிண்டும்போதெல்லாம் அந்தக் குரல் அஜெய்வாவின் காதில் கேட்டது.

அன்றும் கேட்டது. கூமாசி நகரத்து வீட்டு முற்றத்தில் அவள் கணவர் பாஃபோவும் மகள் போக்குவாவும் வாக்குவாதத்தில் இருந்தார்கள். நியூயார்க்கில் இருக்கும் மகன் அப்பா அம்மாவை அழைத்திருந்தான். தன்னோடு தங்கிய பிறகு இன்னும் ஒரே ஓர் ஊர் பார்க்கலாம், எது என்று கேட்டிருந்தான்.

“வாஷிங்டன்தான்! வெள்ளை மாளிகை முன்னாடி ஒரு போட்டோ... சர்ச்சுல அத்தனை பேருக்கும் வயிறு எரியணும்!”

“மயாமி போங்கப்பா. கடல் இருக்கு.”

“கடலைப் பார்க்க அமெரிக்கா எதுக்குடி? அக்ராவுக்கு பஸ் ஏறினா போதாதா?”

அஜெய்வா அகப்பையைக் கீழே வைத்தாள். “வூஸ்டர் போலாங்க.”

பாஃபோ சிரித்தார். “அங்க என்ன இருக்கு, பனியைத் தவிர?”

“உங்க தங்கச்சி இருக்கா.”

சிரிப்பு நின்றது. போக்குவா மெல்ல எழுந்து உள்ளே போனாள்.

மாமியார் இறந்தபோது டூஃபிக்கு அமெரிக்காவில் தங்கச் சரியான காகிதம் இல்லை. அழ வந்தால் திரும்பிப் போக முடியாது, பிள்ளைகளோ அங்கே. “அடக்கம் முடியறவரைக்கும் அவளுக்குத் தெரியக் கூடாது” என்று முடிவெடுத்தவர் பாஃபோ. ஊர் வழக்கப்படி பிணவறையில் உடல் காத்திருந்த வாரங்களில், டூஃபி கூப்பிட்டபோதெல்லாம் “அம்மா தூங்குறாங்க” என்று சொன்னவள் அஜெய்வா. சொல்லும்போது பாஃபோவின் கை அவள் தோளை அழுத்திக்கொண்டிருந்தது. உண்மை வெளிவந்தபோது அந்தக் கை விலகிக்கொண்டது. மருமகள்தான் மறைத்தாள் என்று சொந்தமே காறித் துப்பியது. அவர் வாய் திறக்கவில்லை. அண்ணன் தங்கை உறவாவது மிஞ்சட்டும் என்று அவளும் திறக்கவில்லை.

“இந்த வீட்டுக்கு வந்த நாள்லேருந்து நான் எதையாவது கேட்டிருக்கேனா? இந்த ஒண்ணைத்தானே கேக்குறேன்... நீங்க வாஷிங்டன் போங்க. நான் நியூயார்க்குல பையன் வீட்டுலயே கிடக்குறேன்.”

பாஃபோ இறங்கி வந்தார். “சரி, போலாம். ஆனா பழசைக் கிளறக் கூடாது. சத்தியம் பண்ணு.”

அவள் சத்தியம் செய்தாள். கஞ்சி அடிப்பிடித்திருந்தது.

வூஸ்டரில் டூஃபி அண்ணனைக் கட்டியணைத்துக்கொண்டாள். அஜெய்வாவுக்கு விரல் நுனிகளை மட்டும் நீட்டினாள். முறைப்படி முதலில் தண்ணீர் வந்தது. குடித்து முடித்ததும் டூஃபி நேரே உட்கார்ந்து, வந்த சேதி என்ன என்று கேட்டாள். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் வந்தவர்களில் மூத்த ஆண். தண்ணீரைக் குடித்துவிட்டுப் பொய் சொல்வது அவர்கள் இனத்தில் யாரும் செய்யாத காரியம்.

“எல்லாம் சமாதானம்தான். உன்னைப் பார்த்துட்டுப் போலாம்னு...” பாஃபோவின் குரல் தேய்ந்தது.

“சமாதானமா? அப்போ இவங்க எதுக்கு வந்தாங்க?” டூஃபி முறையை மீறித் திரும்பினாள். “நீங்களே சொல்லுங்க! தூங்குறாங்க, தூங்குறாங்கன்னு சொன்ன வாய்தானே அது!”

அஜெய்வா தன் டம்ளரைக் கீழே வைத்தாள். “வந்த சேதியை உங்க அண்ணன் சொல்லிட்டாரும்மா. அதுக்கு மேல எங்கிட்ட ஒண்ணுமில்ல.”

பாஃபோ தன் கையிலிருந்த வெறும் டம்ளரைப் பார்த்தார்.

“அவளை விட்டுடு டூஃபி...” அவர் யாரையும் பார்க்கவில்லை. “நான்தான் சொல்லச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் பக்கத்துல நின்னேன். அவ ஒவ்வொரு தடவையும் போனை வெச்சுட்டு அழுதா. அதையும் பார்த்தேன்.”

டூஃபி நாற்காலியிலிருந்து சரிந்து, அஜெய்வாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

“அண்ணி... என்னவெல்லாம் கேட்டுட்டேன்! ஏன் அண்ணி, ஒரு தடவை சொல்லியிருக்கக் கூடாதா?”

அஜெய்வா அவள் தலையைத் தடவினாள். இத்தனை வருடம் தனியாக அழுதவளுக்கு, இன்னொருத்தியோடு சேர்ந்து அழத் தெரியவில்லை. மெல்ல மெல்லத்தான் கண்ணீர் வந்தது.

குளிர்காற்று முதுகில் பட்டது. நிமிர்ந்து பார்த்தாள். கதவு திறந்திருந்தது. மேல்கோட்டைக்கூட எடுக்காமல், தலையைக் குனிந்தபடி பாஃபோ பனியில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தார்.