பிளக்குக்கு வைத்த பொட்டு

சௌந்திரத்துக்கு வயிறு எரிந்தது. பசியால் அல்ல. சுத்தமான பொறாமை.

அவள் அப்பா அப்புசாமி, திருச்செங்கோட்டுக்கும் நாமக்கல்லுக்கும் பஸ் ஓட்டுபவர். கைப்பிடியைச் சுழற்றினால்தான் பஸ் கிளம்பும் காலம் அது. ஆயுத பூஜையன்று அந்தப் பஸ்ஸுக்குப் பொட்டு வைப்பது எப்போதும் சௌந்திரத்தின் வேலை. இந்த வருஷம் பரமத்தியிலிருந்து மாமன் மகள் ராசம்மாள் வந்திருந்தாள். அப்பா சந்தனக் கிண்ணத்தை அவளிடம் நீட்டிவிட்டார்.

"விருந்தாளிப் புள்ள வெக்கட்டும் சாமி. நீதான் வருசாவருசம் வெக்கிறயே!"

ராசம்மாள் முன்விளக்குகளுக்கு வைத்தாள். சக்கரங்களுக்கு வைத்தாள். ஹாரனுக்குக்கூட வைத்தாள்.

"எத்தன வட்டமா வெக்கிறா பாரு!" என்று அம்மா மெச்சினாள்.

நான் வைத்ததெல்லாம் சதுரமாகவா இருந்தது என்று சௌந்திரம் உதட்டைப் பிதுக்கினாள்.

எல்லோரும் பொரிகடலை வாங்க நகர்ந்தார்கள். அவள் எஞ்சின் மூடியின் வலப்பக்கத்தை மெல்லத் தூக்கினாள். உள்ளே, எஞ்சினுக்குப் பொறி தட்டும் நான்கு பிளக்குகள் வெள்ளைப் பீங்கான் உடம்போடு வரிசையாக நின்றன. ஒன்றுக்கும் பொட்டு இல்லை! மிச்சமிருந்த ஈரச் சந்தனத்தை வழித்து, நான்குக்கும் அப்பு அப்பென்று அப்பினாள். மேலே குங்குமமும் வைத்தாள். ராசம்மாளுக்கு இந்த இடம் தெரியவே தெரியாது. நினைத்ததும் வயிறு குளிர்ந்தது.

முதல் நடைக்கு ஆட்கள் ஏறினார்கள். அப்பா கைப்பிடியைச் சுழற்றினார். பஸ் இருமியது. தும்மியது. 'டப்' என்று ஒரு சத்தம் போட்டு அடங்கிவிட்டது. மறுபடி சுழற்றினார். மறுபடியும் இருமல்தான்.

அவர் மூடியின் இடப்பக்கத்தைத் திறந்து பார்த்தார். "பெட்ரோல் நல்லா வருது. பொறிதான் சரியா உழுகலையாட்ட இருக்குது" என்று முணுமுணுத்தார்.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த முத்தாயம்மாள் தலையை நீட்டினாள். "ஏனுங்க, நேத்து வரைக்கும் நல்லாத்தான ஓடுச்சு? இன்னைக்குப் பொட்டு வெச்சது ஆரு? ராசியில்லாத கையாட்ட இருக்குதுங்க."

எல்லார் கண்ணும் ராசம்மாள்மேல் விழுந்தது.

'நல்லா வேணும்' என்று சௌந்திரம் நினைத்தாள். ஆனால் ராசம்மாள் தன் சந்தன விரல்களைப் பாவாடையில் அழுத்தி அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தாள். அழுகை முட்டிக்கொண்டு நின்றது. இனி அந்தக் கையில் யாருமே சந்தனக் கிண்ணத்தைக் கொடுக்கமாட்டார்கள். சௌந்திரத்துக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

"அப்பா, பிளக்குக்குப் பொட்டு வெச்சாப் பொறி உழுகாதுங்களா?"

அப்பா திரும்பினார். "எந்தப் பிளக்குக்கு?"

"நாலுக்குந்தானுங்க. ராசம்மா வெக்கல. நாந்தான் வெச்சேன்."

அப்பா வலப்பக்க மூடியைத் தூக்கினார். நான்கு பிளக்குகளும் கல்யாணத்துக்குக் கிளம்பியதுபோல் நின்றன. அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"பொறி உள்ளார உழுகோணும் சாமி. மேல ஈரம் பட்டா வெளியவே ஓடிப்போயிரும்."

சௌந்திரமே துணியை வாங்கி நான்கையும் பளிச்சென்று துடைத்தாள். அப்பா ஒரே சுற்றுதான் சுற்றினார். பஸ் கடகடவென்று கிளம்பியது.

"நான் அப்பவே நெனச்சேனுங்க, நல்ல கைதான்!" என்றாள் முத்தாயம்மாள், கூசாமல்.

அப்பா இரண்டு பேரையும் முன்சீட்டில் ஏற்றிக்கொண்டார். ராசம்மாள் உம்மென்றே வந்தாள்.

"எம்மேல கோவமா?" என்று சௌந்திரம் மெதுவாகக் கேட்டாள்.

"பின்ன? நாலையும் நீயே வெச்சுக்கிட்டயே! எனக்கு ஒன்னாவது உட்டிருக்கலாமில்ல?"