காதில் வைத்துக் கேட்பவர்

நான் வேலையில் சேர்ந்த அன்று ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த அந்தக் கட்டடத்தின் பூட்டு திறக்கவே இல்லை. எண்ணெய் விட்டு, தட்டி, கடைசியில் தோளால் தள்ளித்தான் உள்ளே போனேன். ஒரு காலத்தில் நோயாளிகளின் துணி வெளுத்த இடமாம். ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்து, இரண்டு பிரிட்ஜ்களையும் ஒரு ஃப்ரீசரையும் இறக்கி, வாசலில் 'தடுப்பூசிக் கிடங்கு' என்று எழுதிவிட்டார்கள். உள்ளே ஈர அட்டைப்பெட்டி வாசனை. அதற்கும் அடியில், எத்தனை வருடமானாலும் போகாத சோப்பு வாசனை.

காலையும் மாலையும் பிரிட்ஜின் குளிர் எத்தனை டிகிரி என்று பார்த்துச் சுவரில் தொங்கும் தாளில் எழுத வேண்டும். செவ்வாயும் வெள்ளியும் ஆற்றுக்கு அப்பால் உள்ள கிராமங்களுக்குத் தடுப்பூசி கட்டி அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆஸ்பத்திரியின் கூட்டமும் அழுகையும் சுவருக்கு அந்தப் பக்கமே நின்றுவிடும். சில நாள் மாலையில் பேச வாயைத் திறந்தால் குரல் கரகரவென்று வரும். காலையிலிருந்து ஒரு சொல்கூடப் பேசியிருக்க மாட்டேன்.

"பேச்சுத் துணைக்கு யாராவது இருக்காங்களாடி?" என்று போனில் அம்மா கேட்டாள்.

"ரெண்டு பிரிட்ஜ் இருக்கும்மா. ஓயாம பேசுதுங்க."

வாரம் இரண்டு முறை வரும் மனிதர் ஒரே ஒருவர்தான். வண்டி ஓட்டுபவர். தெருமுனையிலிருந்தே ஹாரன் அடித்துக்கொண்டு வருவதால் ஆஸ்பத்திரி முழுக்க அவருக்கு ஹாரன் என்றே பெயர். நான் அண்ணே என்பேன்.

முதல் வாரம் அவர்தான் சொன்னார். "முன்ன இங்க வேலைல இருந்த அம்மா ஒவ்வொரு ஐஸ் பேக்கையும் காதுல வச்சுக் கேப்பாங்க தங்கச்சி. ஏதோ போன் பேசுற மாதிரி. எதிர்ப்பக்கம் யாரு, மாப்பிள்ளையான்னு கிண்டல் பண்ணுவேன்."

அந்தம்மா செய்தது சரியான வேலை. ஐஸ் பேக் என்பது தண்ணீர் நிரப்பி உறைய வைத்த பிளாஸ்டிக் டப்பா. ஃப்ரீசரிலிருந்து எடுத்ததை அப்படியே மருந்துப் பெட்டிக்குள் வைக்கக் கூடாது. மேசையில் பரப்பி வைத்து, முக்கால் மணி நேரம் பொறுத்து, குலுக்கிப் பார்க்க வேண்டும். உள்ளே தண்ணீர் அசையும் சத்தம் கேட்டால்தான் வைக்கலாம். இல்லையென்றால் அந்தக் குளிரில் மருந்து உறைந்துவிடும். உறைந்து இளகிய மருந்து பார்வைக்கு மருந்துதான். உடம்புக்குள் போனால் வெறும் தண்ணீர்.

"அவங்க இப்ப எங்கண்ணே?"

ஹாரன் வண்டிச் சாவியைச் சுழற்றிக்கொண்டே வெளியே போய்விட்டார்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. இன்னும் அரை மணியில் பாலத்தின் மேல் தண்ணீர் ஏறிவிடும் என்று ஹாரன் விடாமல் ஹாரன் அடித்தார். நான் நான்கு ஐஸ் பேக்கையும் எடுத்து, துணியால் துடைத்து, பெட்டிக்குள் இறக்கி மூடிவிட்டேன். கல் மாதிரி இருந்தன.

நான் குலுக்கிப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம், எழுதுவதற்காகத் தாளின் முன் நின்றபோதுதான் முதலில் கேட்டது.

சளக்.

திரும்பினேன். ஒன்றும் இல்லை. குழாய் சொட்டுகிறதோ என்று பார்த்தால் அந்த அறையில் குழாயே கிடையாது.

சளக். சளக்.

சத்தம் ஃப்ரீசருக்குள்ளிருந்து வந்தது. யாரோ ஒரு ஐஸ் பேக்கை எடுத்து, நிதானமாகக் குலுக்கி, கேட்டுவிட்டு, வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கும் இடைவெளியில். மூடியைத் திறந்தேன். வெள்ளைப் புகை முகத்தில் அடித்தது. எல்லாம் அடுக்கினபடியே இருந்தன. தொட்டால் விரல் ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு உறைந்திருந்தன.

புதன்கிழமையும் கேட்டது. வியாழக்கிழமை கதவைத் திறந்ததும் சோப்பு வாசனை மூக்கில் ஏறியது. அப்போதுதான் யாரோ துணி அலசிவிட்டுப் போனது போல. மேசையின் நடுவே ஒரே ஒரு ஐஸ் பேக் இருந்தது. மஞ்சளேறிய பழைய பிளாஸ்டிக், விரிசல் விட்ட மூடி. எங்கள் அடுக்கில் அப்படி ஒன்று கிடையாது. மேசையிலிருந்து சற்றுத் தள்ளி, யாரோ உட்கார்ந்து எழுந்தாற்போல், நாற்காலி கோணலாக நின்றது.

என் காதருகே, மிக மெல்லிய குரல்.

"கேளு."

அதைத் தூக்கி ஃப்ரீசருக்குள் போட்டுவிட்டு வெளியே ஓடினேன். யாரிடம் சொல்ல? வேலை நிரந்தரமாக இன்னும் நான்கு மாதம் இருந்தது.

வெள்ளிக்கிழமை ஹாரன் வந்தார். செவ்வாய்க்கிழமை அனுப்பியதில் மீந்த இரண்டு மருந்துக் குப்பிகளைத் திருப்பிக் கொண்டுவந்திருந்தார்.

"அக்கரையில தொண்டை அடைப்பான் வந்திருக்காம் தங்கச்சி. பக்கத்து ஊர்ல ரெண்டு குழந்தைக்கு மூச்சே விட முடியலயாம். நல்லவேளை, நம்ம ஊசி செவ்வாக்கிழமையே போய்ச் சேந்துச்சு. முப்பத்தாறு பிள்ளைங்களுக்குப் போட்டாச்சாம்."



அவர் தந்த குப்பி ஒன்றையும், பிரிட்ஜிலிருந்து புதிதாக ஒன்றையும் எடுத்தேன். இரண்டையும் சேர்த்துக் குலுக்கி மேசையில் வைத்தேன். புதியது பால் மாதிரி ஒரே சீராக நின்றது. மற்றதில் சின்னச் சின்னத் துகள்கள் திரண்டு, மாவு படிவது போல் அடியில் இறங்கின. உறைந்து கெட்ட மருந்துதான் இப்படிப் படியும்.

முப்பத்தாறு பிள்ளைகள்.

ஃப்ரீசருக்குள்ளே, சளக்.

ஹாரனின் கையிலிருந்து சாவி கீழே விழுந்தது. அவருக்கும் கேட்டிருக்கிறது.

அதிகாரிக்குப் போன் செய்தேன். "சார், செவ்வாக்கிழமை அனுப்பின மருந்து உறைஞ்சிடுச்சு. தப்பு என்னோடது. அந்தப் பிள்ளைங்களுக்கு மறுபடியும் போடணும்."

"என்ன சொல்றீங்கன்னு புரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"புரிஞ்சுதான் சார்."

"இப்பவே புது மருந்து அனுப்புங்க. திங்கக்கிழமை எழுத்துல விளக்கம் வேணும்." வைத்துவிட்டார்.

நான்கு ஐஸ் பேக்குகளை எடுத்து மேசையில் பரப்பினேன். முக்கால் மணி நேரம். ஹாரன் வண்டிக்குப் போகவில்லை. வாசற்படியிலேயே, உள்ளே முதுகைக் காட்டாமல் உட்கார்ந்தார்.

"அந்தம்மாவும் ஒரு தடவ அவசரப்பட்டாங்க" என்றார் தணிந்த குரலில். "நான்தான் ஹாரன் அடிச்சேன். மருந்து கெட்டுப்போனது அவங்களுக்குப் பின்னாடி தெரிஞ்சுது. யார்கிட்டயும் சொல்லல. அந்த மழைக்காலம் முடியறதுக்குள்ள அக்கரையில பதினோரு பிள்ளைங்க செத்துப்போச்சுங்க."

கீழே கிடந்த சாவியை எடுத்துத் துடைத்தார்.

"அதுக்கப்புறம்தான் காதுல வச்சுக் கேக்க ஆரம்பிச்சாங்க. ஒரு நாள் சாயங்காலம் வந்து பாக்கறேன், அந்த நாற்காலியில உக்காந்திருக்காங்க, காதுல ஐஸ் பேக்கோட. மூச்சில்ல. கன்னம் அதோட ஒட்டிப்போயிருந்துச்சு."

மேசையில் ஈரம் படர்ந்தது. ஒவ்வொன்றாக எடுத்துக் குலுக்கினேன். தண்ணீர். தண்ணீர். தண்ணீர். தண்ணீர்.

"தங்கச்சி." ஹாரன் எழுந்து நின்றிருந்தார். "நாலுதானே எடுத்தீங்க?"

மேசையின் ஓரத்தில் ஐந்தாவதாக ஒன்று இருந்தது. மஞ்சளேறிய பிளாஸ்டிக். விரிசல் விட்ட மூடி.

"அது அவங்களோடது" என்றார். "அவங்க உடம்போடவே வச்சுப் புதைச்சிட்டாங்க. நானே என் கண்ணால பாத்தேன்."

அன்று அவர் ஹாரன் அடிக்காமலேயே வண்டியை எடுத்தார். இருட்டுவதற்குள் போன் வந்தது. முப்பத்தாறு பேருக்கும் போட்டாகிவிட்டது. ஒருவருக்கும் காய்ச்சல்கூட இல்லை.

மூன்று வாரமாகிறது. மெமோ வந்தது; நிரந்தரமாவதை ஒரு வருடம் தள்ளி வைத்திருக்கிறார்கள். ஃப்ரீசர் இப்போது அமைதியாக இருக்கிறது. அந்தப் பழைய ஐஸ் பேக்கை நான் உள்ளே வைக்கவில்லை. மேசையிலேயே கிடக்கிறது. இத்தனை வெயிலிலும் அதன் மேல் படிந்த பனி ஒரு சொட்டுகூட உருகவில்லை.

நேற்று சாயங்காலம் தாளில் எழுதி முடித்ததும், என்ன தோன்றியதோ, அதை எடுத்துக் காதில் வைத்தேன். தண்ணீர்ச் சத்தம் இல்லை. அந்தப் பக்கம் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு என் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியாது. விலக்கியபோது கன்னத்துத் தோல் கொஞ்சம் அதோடு ஒட்டி வந்தது.

இரவு அம்மா மறுபடியும் அதையே கேட்டாள். "துணைக்கு யாராவது இருக்காங்களாடி?"

"இருக்காங்கம்மா" என்றேன்.

"யாரு?"

நான் பதில் சொல்வதற்குள், என் அறையில், இருட்டில், தலையணைக்குப் பக்கத்தில்,

சளக்.