இடது பக்க லைனிங்

"ஐயோ...! மாமா... போயிட்டீங்களே...!"

டிரையல் ரூம் கண்ணாடியின் முன் நின்று, சத்தமே வராமல் அலறினான் மாப்பிள்ளை.

ஒத்திகைதான்!

மாமனார் வெளியே, கத்தரியும் கையுமாக, உயிரோடு துணி வெட்டிக்கொண்டிருந்தார். காதில் ஹியரிங் எய்டு. நெஞ்சுக்குள் பேஸ்மேக்கர். எழுபது வயதிலும் தையல் கடையை விட்டுக்கொடுக்காத மனிதர்.

போன வாரம் டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். "செல்போனை பேஸ்மேக்கர்கிட்ட கொண்டுபோகாதீங்க. ஒரு ஜாண் தள்ளியே இருக்கட்டும். சட்டைப் பையில போடவே கூடாது!"

மாப்பிள்ளை அதை அப்படியே பிடித்துக்கொண்டான். தலைகீழாக!

இருபது வருஷம் மாமனாருக்குக் கீழே பட்டன் காஜா எடுத்தது போதும். கடை இன்றே கைக்கு வர வேண்டும். புதுக் கோட்டின் இடது பக்க லைனிங்குக்குள் ஒரு செல்போன்... சைலன்ட்டில், அதுவும் காந்த கவரோடு. வைத்துத் தைத்தாயிற்று.

"மாமா, உங்களுக்காக நானே தைச்சது. போட்டுப் பாருங்க!"

"எனக்கா?" கிழவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. போட்டுக்கொண்டார்.

மாப்பிள்ளை மெல்லப் பின்வாங்கி, தன் போனில் நம்பரை அழுத்தினான்.

ஒன்று... இரண்டு... மூன்று...

மாமனாரின் முகம் கோணியது. காதைப் பொத்திக்கொண்டு நாற்காலியில் சரிந்தார்!

"ஐயோ...! மாமா... போயிட்டீங்களே...!"

"யாரு மாப்பிள்ளே போனது?"

நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார் மாமனார்.

"காதுல 'கர்ர்ர்'னு ஒரே இரைச்சல்! போன் கிட்ட வந்தாதான் இந்தக் காது மெஷின் இப்படிக் கத்தும். என் போன் அந்த மூலையில இருக்கு. அப்ப இது யாரோடது?"

கோட்டைத் தடவினார். கழற்றினார். கத்தரியால் சரக்கென்று தையலைப் பிரித்தார்.

மேஜையில் விழுந்தது மகளின் பழைய போன். திரையில், கூப்பிடுவது யாரென்று காட்டி, பல்லை இளித்தபடி மாப்பிள்ளையின் படம்!

"இ... இதயத்து மேலயே இருந்துச்சே... ஒண்ணுமே ஆகலையா மாமா?" உளறிக் கொட்டினான்.

"நான் எந்தக் கையால துணி வெட்டுறேன்?"

இருபது வருஷமாகப் பார்த்தது அப்போதுதான் உறைத்தது. கத்தரி, இடது கையில்!

"வெட்டுற கைப்பக்கம் வேணாம்னு டாக்டர் பேஸ்மேக்கரை வலது பக்கம் வெச்சுட்டார் மாப்பிள்ளே. சட்டைக்குன்னு சொல்லி என் நெஞ்சளவு எடுத்தீங்களே, அந்த மேடு கைக்குத் தட்டலையா?"

மாமனார் மூலைக்குப் போனார். தன் போனைக் கையில் எடுக்காமல், இருந்த இடத்தில் வைத்தபடியே ஸ்பீக்கரில் போட்டார்.

"ஹலோ, போலீஸ் ஸ்டேஷனா? எங்க மாப்பிள்ளைக்கு உங்ககிட்ட ஒரு ஜெயில் யூனிஃபார்ம் தேவைப்படுது. அளவை மட்டும் நீங்களே எடுத்துடுங்க... அவருக்கு அது வராது!"